கேட்டால் சொல்லும் களஞ்சியம்

வெண்குடை நாட்டில் மக்களுக்குத் தெரிந்ததெல்லாம் மக்களிடமே இருந்த காலம் ஒன்று உண்டு. அது ஆபத்தான ஏற்பாடு என்பதை அரசர் திரிபுவனதீரர்தான் கண்டுபிடித்தார். எங்கிருந்தோ ஒரு பெரிய இயந்திரம் வந்து இறங்கியது. அறிவுக் களஞ்சியம் என்று அதற்குப் பெயர்.

"தெரிந்ததை இதனிடம் சொல்லுங்கள், வேண்டியதை இதனிடம் கேளுங்கள். சேமிப்பதும் தேடித் தருவதும் இனி இதன் பொறுப்பு," என்றார் அறிவமைச்சர் நன்மொழியார். "ஒரே செய்தி இரண்டு இடத்தில் இருந்தால் நாட்டுக்குக் குழப்பம்."

ஆகவே பட்டாவும் பிறப்புச் சான்றும் இயந்திரத்திடம் சொல்லி முடித்த கையோடு கொளுத்தப்பட்டன. மக்கள் முண்டியடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். இலவசமாகக் கிடைப்பதைச் சந்தேகிக்கும் வழக்கம் அந்த நாட்டில் இல்லை.

வாய்க்கால்கரைச் சடையன் இயந்திரத்திடம் கேட்டது சின்னக் கேள்வி. ஏரித் தண்ணீர் அரண்மனைத் தோட்டத்துக்கு மட்டும் எப்படிப் போகிறது? மறுநாள் அவனைக் காணவில்லை.

அவன் மனைவி மூக்காயி இயந்திரத்தின் முன் போய் நின்றாள். "எம் புருசன் எங்கய்யா இருக்காரு?"

"இக்கேள்வியைக் கேட்டோர் அரசரின் நலனையும் விசாரித்தனர்," என்றது அது.

மறுபடி கேட்டாள்.

"விடை உள்ளது. உங்கள் படிநிலைக்குத் திறக்காது."

விடை இருக்கிறதாம்! போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. தினமும் போய்க் கேட்டாள். தெருக்காரர்களும் அவளுக்காகக் கேட்டார்கள். பிறகு ஊரே கேட்டது. அதிகம் பேர் கேட்பதை எல்லோருக்கும் முதலில் காட்டுவது அந்த இயந்திரத்தின் வழக்கம். ஒரு காலை அரசர் மழை வருமா என்று கேட்கப் போக, 'சடையன் எங்கே?' என்று அவருக்கும் காட்டிவிட்டது.

"யார் இந்தச் சடையன்?" என்று நன்மொழியாரிடம் கேட்டார்.

"அப்படி ஒருவன் இல்லை, பிரபு."

"இல்லாதவனை எப்படி இத்தனை பேர் தேடுகிறார்கள்?"

நன்மொழியார் சற்று யோசித்தார். "அவர்களும் இல்லாமல் இருக்கலாம், பிரபு."

அன்றே துப்புரவு தொடங்கியது. கேட்டவர் ஒருவரையும் இயந்திரம் மறந்திருக்கவில்லை. விடைகளைவிடக் கேள்விகளைத்தான் அது பத்திரமாக வைத்திருந்தது. அவர்கள் பெயர், பிறப்பு, நிலம் எல்லாம் அதிலிருந்து அழிக்கப்பட்டன. வேறு எங்கும் அவை இருக்கவும் இல்லை.

அடுத்து ஊர்ச்சபைத் தேர்தல் வந்தது. ஓட்டுச்சாவடி அதிகாரி, மேசையிலிருந்த களஞ்சியத்தின் சின்னக் கிளை இயந்திரத்தைப் பார்த்துவிட்டு மூக்காயியிடம் சொன்னார்: "உங்க பேரு இல்லம்மா. அப்படி ஒருத்தரே இந்த நாட்டுல கிடையாது."

மூக்காயிக்கு ஆத்திரம் பொங்கியது. "நான் கிடையாதா? அப்ப இத்தனை நாளா யாருக்கய்யா பதில் சொல்லாம இருந்தீங்க?"

அதிகாரிக்கு உண்மையிலேயே விடை தெரியவில்லை. பழக்கதோஷத்தில் களஞ்சியத்தின் பக்கம் திரும்பி, கேட்பதற்கு வாயைத் திறந்தார். கேட்டவர்களின் கதி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. திறந்த வாயைக் கொட்டாவியாக்கிக்கொண்டு, "அடுத்த ஆளு வரலாம்," என்றார்.

மூக்காயிக்குப் பின்னால் யாரும் இல்லை.