அரச பீப்பாய்

ஏழு குன்றுகளுக்கு அப்பால் கருங்கொடி நாடு இருந்தது. அங்கே தண்ணீருக்குப் பஞ்சம் வந்ததுண்டு, ஒயினுக்கு வந்ததில்லை. கபர்னே என்பது அந்நாட்டுத் திராட்சை. வேறு திராட்சை ஒரு சொட்டும் கலவாத கபர்னேதான் தேசபக்தி என்பது மன்னர் ஏகவீரரின் கொள்கை. மக்களோ சரிவுகளில் அயல்நாட்டு மெர்லோத் திராட்சை பயிரிட்டு, கபர்னேயோடு கலந்து இதமாகக் குடித்துவந்தார்கள். மக்களுக்கு இதமாக இருப்பது எதுவோ, அதை விசாரிப்பது அரசின் கடமை.

முதலில் கபர்னேயின் புகழுக்காகக் கபர்னேக் கொடிகளையே வெட்டித் தோரணம் கட்ட ஆணை வந்தது. கபர்னேத் தோட்டங்கள் மொட்டையாயின. அடுத்து, தூய ஒயினையும் கலவை ஒயினையும் நடுவர்கள் ருசித்து ஒப்பிடுவார்கள், கலவை தோற்றால் மெர்லோக் கொடிகள் வேரோடு பிடுங்கப்படும் என்றார்கள். ருசிப்பவர்கள் வாயில் கொப்பளித்துத் துப்புவதுதான் வழக்கம். இனி துப்பினால் ராஜதுரோகம்.

செங்கமலத்துக்கு இருந்ததே நான்கு பாத்தி மெர்லோதான். "இதையும் புடுங்கிட்டா எம் புள்ளைங்களுக்கு நான் என்னத்த ஊட்டுவேன்?" என்று கேட்டபடி அவள், ருசிக்கும் நாளன்று மன்னர் முன்னிலையில் கூடிய கூட்டத்தின் முன்னால் போய் நின்றாள்.

நடுவர்கள் குழம்பிவிடக் கூடாதே என்று அரச பீப்பாயிலிருந்து நிரப்பிய தூய குவளையில் மட்டும் கிரீடம் வரைந்திருந்தார்கள். சுவைத்துறை அமைச்சர் பூவராகர் கலவையைப் பருகினார்.

"நாவல்பழத் துவர்ப்பு, மிளகு வாசனை. ஆனால் இந்த மென்மை அந்நியச் சதி!"

கிரீடக் குவளையைப் பருகினார்.

"ஆகா! அதே நாவல், அதே மிளகு. இந்த மென்மையோ மன்னரின் கருணை!"

துப்பாமல் பன்னிரண்டு குவளை ஆனதும் அமைச்சர் சேனாபதியைக் கட்டிக்கொண்டு தாலாட்டுப் பாடினார். தூய ஒயின் வென்றது. வீரர்கள் மண்வெட்டிகளைத் தூக்கினார்கள்.

"அய்யா, நில்லுங்க!" அரண்மனை ஒயின் கிடங்குக் காவலர் மாசிலாமணி ஓடிவந்தார். "அவ தோட்டத்தப் புடுங்கிட்டா, அரச பீப்பாய்ல நான் எத ஊத்துறது?"

பீப்பாயில் ஒயின் வாராவாரம் ஆவியாகிக் குறையும். குறைந்த இடத்தில் காற்று புகுந்தால் புளித்துவிடும். அதனால் ஊற்றி நிரப்பியே தீரவேண்டும். "கபர்னே எல்லாம் தோரணத்துல தொங்குது. நான் இவ மெர்லோவத்தான் ஊத்துறேன்."

"வாராவாரம் குடம் குடமா வாங்கிட்டுப் போனீங்களே!" செங்கமலம் வாயைப் பிளந்தாள். "உங்க வீட்டுல அவ்வளவு குடிகாரங்களான்னு நெனச்சேன்."

"எவ்வளவு கலந்தாய்?" என்றார் மன்னர்.

"முக்காவாசி இருக்குங்க, மகாராஜா."

மன்னர் இன்னொரு குவளை குடித்து, கண்மூடி யோசித்து, ஆணையிட்டார்: "அரச பீப்பாய்க்குள் விழுந்தது எதுவாயினும், விழுந்த கணத்திலிருந்து தூயது."

செங்கமலத்தின் கொடிகள் பிழைத்தன. அவள் மண்வெட்டி ஏந்திய வீரனைப் பிடித்துச் சுழற்றி ஆடினாள். ஊரே ஆடியது. கூட்டத்தில் நின்ற எனக்கும் அன்று மகிழ்ச்சிதான், மறைப்பானேன்.

மறுநாள் காலை கிடங்கு வாசலில் குடங்களோடு நீண்ட வரிசை. முதலில் நின்றவன், ஒயினில் கலப்படம் செய்ததற்காகப் போன வருடம் அமைச்சரே நாடு கடத்திய வியாபாரி. கையில் ஒரு குடம் புளித்த காடி. மாசிலாமணி தடுக்கப் போனார். அமைச்சர் அவரை விலக்கிவிட்டு, வியாபாரிக்குப் பொன்னாடை போர்த்தி, பீப்பாயின் மூடியைத் தம் கையாலேயே திறந்துவிட்டார்.