மெட்டுத் திருடன்

மேனேஜர் தன் கையாலேயே ஆரஞ்சு ஜூஸ் கொண்டுவந்து நீட்டியபோது கிதார்க்காரருக்குச் சந்தேகம் தட்டியது.

இத்தனை வருஷத்தில் அந்த ஓட்டலில் அவர் கேட்காமல் யாரும் தண்ணீர்கூடக் கொடுத்ததில்லை. சாப்பாட்டுக் கூடத்தின் மூலையில், சமையலறைக் கதவுக்கும் ஒரு பெரிய தொட்டிச் செடிக்கும் நடுவே அவருடைய ஸ்டூல். சாயங்காலமானால் அதில் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பிப்பார். கதவு திறக்கும்போதெல்லாம் பாத்திரம் கழுவுகிற சத்தம் கச்சேரியில் கலந்துகொள்ளும்.

"குடிங்க மாஸ்டர். ஐஸ் போடச் சொன்னேன்," என்றார் மேனேஜர்.

"எதுக்கு சார் இதெல்லாம்?"

"சும்மாதான்."

சும்மா எதையும் செய்கிற ஆளா மேனேஜர்? கிதார்க்காரர் ஜூஸை முகர்ந்து பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார்.

"மாடியில புது ஹால் திறக்கறாங்கல்ல," மேனேஜர் தொண்டையைச் செருமினார், "அதுக்கு நிரந்தரமா ஒரு கிதார் ஆளை எடுக்கப் போறாங்க."

இது கிதார்க்காரருக்குத் தெரியாதா என்ன? அந்த ஹாலில் முதல் செங்கல் வைத்த நாளிலிருந்து அதே நினைப்புதான் அவருக்கு. நிஜ மேடை, முகத்தில் விளக்கு, எதிரே சாப்பிடாமல் உட்கார்ந்து கேட்கிற மனிதர்கள். கல்யாண வரவேற்புகளில் சாப்பிடப் போகிற கூட்டத்தின் முதுகுக்கே வாசித்துப் பழகியவர் அவர். விரல் வெடித்து ரத்தம் வந்த நாளிலும் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு சாதகம் பண்ணியவர். "நீங்களே போய்க் கேளுங்களேன்," என்று மனைவி நச்சரித்தபோதுகூட, "நான்னு தெரிஞ்சா காதுகொடுத்தே கேட்க மாட்டாங்க. அவங்களுக்கு நானும் அந்தத் தொட்டிச் செடியும் ஒண்ணுதான்," என்று சொல்லிவிட்டார். ஆனாலும் ஆசை விடவில்லை.

"யாரோ ஒருத்தர் வாசிச்சதைப் பதிவு பண்ணி ஹெட் ஆபீசுக்கு அனுப்பியிருக்காங்க. பேர்கூடப் போடல, வெறும் போன் நம்பர்தான். முதலாளியம்மா கேட்டுட்டுக் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்களாம். எனக்கும் போன்லயே போட்டுக் காட்டினாங்க. கோவிச்சுக்காதீங்க மாஸ்டர், இப்படி ஒரு கிதார் நம்ம ஓட்டல்ல கேட்டதே இல்ல. மாடிக்கு அவர் வந்துட்டா கீழ இன்னொருத்தர் எதுக்குன்னும் ஒரு பேச்சு இருக்கு."

ஆக, ஜூஸுக்கு இதுதான் அர்த்தம்.

"அப்படி என்ன மெட்டு சார் அது?"

மேனேஜர் முணுமுணுத்துக் காட்டினார். அவர் குரலுக்கும் சுருதிக்கும் ஜென்மப் பகை. ஆனால் நடுவில் நிறுத்தி, மேஜையில் டொக் டொக் என்று இரண்டு தட்டு தட்டிவிட்டு மேலே போனார். கிதார்க்காரர் ஸ்டூலைவிட்டு எழுந்தே விட்டார்.

அது அவருடைய மெட்டு. வீட்டுப் பின்பால்கனியில், காயப்போட்ட துணிகளுக்கு நடுவே உட்கார்ந்து மாசக்கணக்கில் கட்டியது. அந்த இரண்டு தட்டு உட்பட எல்லாமே அவர் சொந்தச் சரக்கு. இதுவரை வெளியே ஓரிடத்திலும் வாசித்ததில்லை. அப்படியென்றால் திருடன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான்.

அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி சமையலறையில் தணிந்த குரலில் போன் பேசிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"யாரு போன்ல?"

"யாருமில்லையே."

யாருமில்லாதவரிடம் இவ்வளவு நேரம் என்ன பேச்சு? கிதார்க்காரர் அதையும் மனசில் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தார். சோபாவில் மச்சினன் காதில் ஹெட்போனோடு சாய்ந்திருந்தான். வேலை தேடுவதாகச் சொல்லி அக்கா வீட்டில் தங்கியிருக்கிறவன். தேடுகிற மாதிரி தெரியவில்லை என்றாலும், தினமும் ஸ்பீக்கர் பெட்டியைத் தன் பைக்கில் வைத்து மாமாவை ஓட்டலில் இறக்கிவிடுவது அவன்தான்.

"மாப்ள, இடது கையை நீட்டு."

"எதுக்கு மாமா, ஜோசியமா?"

"நீட்டுன்னா நீட்டு."

கிதார் வாசிக்கிறவனுக்கு இடது கை விரல் நுனியெல்லாம் காய்த்துப்போய்த் தடித்திருக்கும். மச்சினன் விரல்கள் பஞ்சு மாதிரி இருந்தன. ஒரு தம்ளர்கூடக் கழுவாத விரல்கள். சரி, இவன் வாசிக்கவில்லை. அப்படியானால் விற்றிருக்கிறான்.

"யாருக்குடா வித்த?"

"எதை மாமா?"

"என் மெட்டை. நான் பால்கனியில வாசிக்கும்போது இந்தச் சோபாவுலதான கிடக்கற?"

"நான் கிடக்கறது உண்மைதான். ஆனா நீங்க வாசிக்கறது கேட்கக் கூடாதுன்னுதான் இதை மாட்டிக்கிட்டுக் கிடக்கறேன்," என்று ஹெட்போனைக் காட்டினான்.

இந்தப் பதிலில் கிதார்க்காரர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அரை மணி நேரத்தில் மச்சினன் பையைத் தூக்கிக்கொண்டு சிநேகிதன் ரூமுக்குப் போய்விட்டான். பைக்கும் அவனோடு போய்விட்டது.

"என்னங்க ஆச்சு உங்களுக்கு? எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லக் கூடாதா?" என்றாள் மனைவி.

"நீ என்கிட்ட எல்லாத்தையும் சொல்றியா?"

அவள் வாயைத் திறந்து, ஏதோ யோசித்து, மூடிக்கொண்டாள். அக்காவும் தம்பியும் கூட்டு என்று அப்போதே முடிவு கட்டிவிட்டார் மனுஷன்.

மறுநாள் ஸ்பீக்கர் பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, சட்டையெல்லாம் நனைந்து ஓட்டலுக்குப் போய்ச் சேர்ந்தார். போனதும் நேராக மேனேஜரிடம் சென்று குரலைத் தாழ்த்தினார்.

"சார், அந்தப் புது ஆளை எனக்கு நல்லாத் தெரியும். சகவாசமே சரியில்லாத ஆள்."

"அப்படியா? என்ன பண்ணுவாரு?"

இதற்கு அவர் தயாராக வரவில்லை. கற்பனை அவருக்கு விரலில்தான் வரும், வாயில் வராது. அதனால் கைக்குக் கிடைத்ததை எடுத்துவிட்டார்.

"நேரத்துக்கு வர மாட்டான். எதுக்கெடுத்தாலும் சந்தேகப்படுவான். சொந்த மச்சினனையே வீட்டைவிட்டுத் துரத்தினவன். பொண்டாட்டிகிட்டகூட முகம் கொடுத்துப் பேச மாட்டான்."

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். "நீங்களும் இன்னிக்கு லேட்டுதான் மாஸ்டர்," என்று சொல்லிவிட்டு, விஷயத்தை முதலாளியம்மா காதில் போடப் போனார். திரும்பி வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"கலைஞன்னா அப்படித்தான் இருப்பான், அப்பதான் வாசிப்புல உயிர் இருக்கும்னு சொல்லிட்டாங்க. உடனே கூப்பிடலாம்னு வேற அவசரப்படறாங்க."

கிதார்க்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். குழி பறிக்கப் போய் அந்த ஆளுக்கு மேடை கட்டிக் கொடுத்தாயிற்று. வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னார்.

"சார், அந்த மெட்டே என்னுது. வேணும்னா இப்ப வாசிச்சுக் காட்டறேன்."

வாசித்தார். சந்தேகமும் கோபமும் பயமும் சேர்ந்து விரலைப் பிடித்துக்கொண்டன. சுரம் தப்பவில்லை, ஆனால் மெட்டு கட்டை மாதிரி வந்தது. இரண்டு தட்டுகூட ஆணி அடிக்கிற மாதிரிதான் விழுந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர்கூட நிமிரவில்லை.

மேனேஜர் தாடையைச் சொறிந்தார். "மெட்டு அதேதான். ஆனா இதுல ஒண்ணு இடிக்குதே மாஸ்டர். உங்ககிட்ட திருடினவன் எப்படி உங்களைவிட நல்லா வாசிப்பான்? எனக்கென்னவோ நீங்கதான் அவர்கிட்டேருந்து..."

வாக்கியத்தை முடிக்காமல் போனார். ஆனால் முதலாளியம்மாவிடம் முடித்திருக்க வேண்டும். அடுத்த நாள் ஹாலைப் பார்க்க வந்தவர் நேராக மேனேஜர் அறைக்கு வந்து கிதார்க்காரரைக் கூப்பிட்டனுப்பினார்.

"திருட்டு எனக்குப் பிடிக்காது. மெட்டு யாருது? உண்மையைச் சொல்லுங்க," என்றார்.

கிதார்க்காரர் அழுதே விட்டார். வெட்கமெல்லாம் பார்க்கவில்லை.

"மேடம், எனக்கு இந்தக் கிதாரை விட்டா வேற எதுவும் தெரியாது. வேற வேலைக்குப் போன்னு எல்லாரும் சொன்னப்ப என் சம்சாரம் மட்டும்தான் சொல்லல. அவ பால்கனியில துணி காயப்போடும்போதுதான் இந்த மெட்டு வந்துச்சு. ஈரத் துணியை ரெண்டு உதறு உதறிட்டுக் கொடியில போடுவா. அதுதான் நடுவுல வர ரெண்டு தட்டு. இதை அவளுக்காகத்தான் வாசிப்பேன், வேற யாருக்கும் வாசிச்சதில்ல. எவனோ ஒட்டுக்கேட்டுத் தூக்கிட்டான் மேடம்."

மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இதை இட்டுக்கட்டிச் சொல்ல முடியாது," என்றார் முதலாளியம்மா. "உங்களை நம்பறேன். அந்த ஆள் எவ்வளவு நல்லா வாசிச்சாலும் சரி, திருடன் இந்த ஓட்டலுக்கு வேண்டாம்."

"ஜென்மத்துக்கும் உள்ள விடாதீங்க மேடம். நல்லா உறைக்கிற மாதிரி சொல்லி அனுப்புங்க."

முதலாளியம்மா ரிசப்ஷன் பெண்ணைக் கூப்பிட்டு அந்த நம்பரைக் கொடுத்தார். "போன் பண்ணி, மாடி ஹால் வேலை உங்களுக்குக் கிடையாது, இனிமே இந்தப் பக்கம் வராதீங்கன்னு சொல்லிடும்மா." பிறகு கிதார்க்காரர் பக்கம் திரும்பினார். "மாடிக்கு நான் வேற யாரையாவது பார்த்துக்கறேன். நீங்க பயப்படாம அந்த ஸ்டூல்லயே வாசிங்க. உங்க இடத்துல யாரும் கைவைக்க மாட்டாங்க."

மாடி போனால் போகட்டும், ஸ்டூல் பிழைத்தது. அந்தத் திருடனும் ஒழிந்தான். கிதார்க்காரருக்கு இரண்டு நாளைக்கப்புறம் மூச்சு சீராக வந்தது. மேனேஜர் நீட்டிய ஜூஸை இந்த முறை முகராமலே குடித்தார். சாயங்காலம் போய் மச்சினனைச் சமாதானப்படுத்திக் கூட்டி வர வேண்டும், மனைவியிடமும் நடந்ததையெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

ரிசப்ஷன் பெண் திரும்பி வந்தாள்.

"சொல்லிட்டேன் மேடம். ஒரு அம்மாதான் எடுத்தாங்க, பாவம், அழுதுட்டாங்க. 'அவருக்குத் தெரியாம நான்தான் பதிவு பண்ணி அனுப்பினேன், இப்பகூட அவர் உங்க தொட்டிச் செடி பக்கத்துலதான் உட்கார்ந்திருப்பாரு, வேலை கிடைக்கலைன்னு தெரிஞ்சா மனசு உடைஞ்சுடுவாரு, அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க'ன்னாங்க."