இரண்டாவது சாவி

தான் விற்ற சரக்கைத் தானே திருடுகிற வியாபாரி உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் திண்டிவனத்துக்காரர். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். ஊருக்கு அவர் 'காணோம்' அண்ணன், அவருடைய சைக்கிள் கடை 'காணோம் கடை'.

நாற்பதைத் தாண்டியதும் டாக்டர் என்னைச் சைக்கிள் மிதிக்கச் சொன்னார். அதே சைக்கிள் செல்போனில் எவ்வளவு மலிவு என்று என் வீட்டுக்காரர் கடை வாசல் வரைக்கும் காட்டிக்கொண்டே வந்தார். இங்கே கூடுதலாகக் கொடுக்கிற பணத்துக்கு வருஷம் பூரா மல்லாட்டை எண்ணெய் வாங்கலாமாம்; வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். எண்ணெய் டின்னில் ஏறி உட்கார்ந்து போக முடியாது என்று சொல்லிவிட்டு நான் அங்கேயே வாங்கினேன். வீம்புதான், வேறென்ன.

பூட்டோடு வந்த இரண்டு சாவியில் ஒன்றை அண்ணன் என்னிடம் கொடுத்தார். இன்னொன்றைச் சுவரில் மாட்டியிருந்த பழைய சக்கரத்தில் கட்டினார். சக்கரம் முழுக்கச் சாவிகள். ஃபேன் காற்றில் அவை சன்னமாகக் கிணுகிணுத்தன. அது எதற்கு என்று கேட்டேன்.

"வண்டி உன்னுதுதாம்மா. ஆனா அதுக்கு ஒடம்பு சரியில்லன்னா நாந்தான பாக்கணும்? அதுக்குத்தான் வெல கொஞ்சம் கூட."

ஏதோ வியாபாரப் பேச்சு என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம் காய்கறி வாங்கிக்கொண்டு மார்க்கெட்டை விட்டு வெளியே வந்தால் சைக்கிள் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா தலையைக்கூடத் தூக்கவில்லை. காணோம் கடையில் வாங்கியது என்றால் அங்கேயே போய்ப் பார் என்றார்.

போனேன். என் சைக்கிள் தலைகீழாகக் கிடந்தது. திருடியவர் என்னைத் திட்டினார்.

"செயின் அப்டி அழுவுது, உன் காதுல வுழலியா? ஊரே கேட்டுக்கினு இருக்குது. அதான் இட்டாந்துட்டேன்."

காசு கொடுத்தால் வாங்க மாட்டார். அதுதான் வாங்கும்போதே கொடுத்துவிட்டாயே என்பார்.

இப்படி அவர் ஊர் பூராவும் திருடினார். கல்யாண மண்டபத்து வாசலில் இருந்த ஐயர் சைக்கிளை, ஹோம சாமான் பையோடு சேர்த்துத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். முகூர்த்தம் நெருங்க நெருங்க மாப்பிள்ளையை விட ஐயருக்கு வேர்த்தது. கடைசி நிமிஷத்தில் அண்ணனே மிதித்துக்கொண்டு வந்து, பிரேக்கு பிடிக்கவில்லை என்று மணமேடைக்கே வந்து விளக்கம் சொன்னார். சைக்கிள் தொலைந்ததென்று யார் போலீசுக்குப் போனாலும், எந்தக் கடையில் வாங்கியது என்பதுதான் முதல் கேள்வி. புதிதாக வந்த ஒரு சப்-இன்ஸ்பெக்டர் இதென்ன பேஜாரு என்று விசாரிக்கக் கிளம்பினார். அங்கே அந்த சப்-இன்ஸ்பெக்டரின் மகளுடைய சைக்கிளுக்கே பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார் அண்ணன். வந்தவர் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

அவர் திருடித் திருப்பித் தந்த சைக்கிளில் சத்தமே இருக்காது. விடியற்காலையில் பெருமுக்கல் பக்கம் போவேன். பனியில் மலை பாதிதான் தெரியும். இரண்டு பக்கமும் மல்லாட்டைக் கொல்லைகள் மெதுவாகப் பின்னால் போய்க்கொண்டிருக்கும். மிதிக்கிறேன் என்பதே மறந்துபோய், யாரோ என்னைத் தூக்கத்திலேயே கூட்டிக்கொண்டு போவது மாதிரி இருக்கும். எனக்கு நாளிலேயே பிடித்த நேரம் அதுதான்.

போன வருஷம் அண்ணனுக்கு முட்டி ஆபரேஷன் ஆனது. சென்னையில் இருக்கும் மகள் அவரைத் தன்னோடு அழைத்துப் போய்விட்டார். மாதங்கள் போயின. ஊரில் யாருடைய சைக்கிளும் காணாமல் போகவில்லை. என் சைக்கிள் மறுபடி அழ ஆரம்பித்தது. எண்ணெய் விட்டுப் பார்த்தேன், அடங்கவில்லை. பிறகு மகளிடமிருந்து செய்தி வந்தது. கடையை மூடப்போகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை வந்து அவரவர் சாவியை வாங்கிக்கொள்ளலாம்.

எனக்குக் கோபமும் துக்கமும் சேர்ந்து வந்தன. போக மாட்டேன் என்று படுத்துக்கொண்டேன். வீட்டுக்காரர்தான் போனார். மத்தியானம் வாசலில் மணிச்சத்தம் கேட்டது. மனுஷர் ஒரு புதுச் சைக்கிளோடு நிற்கிறார். செல்போனில் இதைவிட மலிவு என்று நான் மறக்காமல் சொன்னேன்.

"அத்த வுடு. ஒருத்தரும் சாவிய வாங்கல. டீ குடிச்சிக்கினு சும்மா நின்னுக்கினு இருக்காங்க. அந்தப் பொண்ணு இன்னா செய்யும் பாவம். அதான் நான் ஒண்ணு வாங்கினேன்."

"உங்க சாவி?"

"ஒண்ணுதான் எங்கிட்ட. இன்னொண்ண சக்கரத்துல கட்டச் சொல்லிட்டேன். அவங்க அப்பாருக்கு அங்கயே போனப் போட்டு, எல்லாம் இங்கயேதான் தொங்குதுப்பா, கூட ஒண்ணு வேற சேந்துச்சுன்னு சொல்லிச்சு. சொல்லச்சொல்ல அழுவுது."

அதற்குப் பிறகு கடை என்ன ஆயிற்று என்று யாரும் சொல்லவில்லை. நேற்று சாயங்காலம் கீரை வாங்கிக்கொண்டு மார்க்கெட்டை விட்டு வெளியே வந்தேன். நிறுத்திய இடத்தில் சைக்கிள் இல்லை. பூக்கார அம்மா இந்த முறை தலையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்.

கடை பக்கம்தான். அண்ணனுக்கு முட்டி இன்னும் முழுசாக மடங்காதே, கீழே உட்கார்ந்து வேலை செய்ய நேரமாகும். அவர் முடிக்கட்டும் என்று மெதுவாக நடந்தேன்.