நாலு கோட்டு அணில்

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது. இறுதிப்போட்டி அன்று அது செய்த காரியத்தைக் கேட்டால் வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள். ஆனால் இப்போதே சொல்வதற்கில்லை. கரடியே அதற்கு மூன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. உங்களுக்கு மட்டும் என்ன அவசரம்?

முதலில் கரிச்சானைப் பார்ப்போம். கறுப்பாக, வால் நுனியில் இரண்டு துடுப்புகளைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிகிற பறவை அது. யார் குரலிலும் பேசும். பருந்து மாதிரிக் கத்தி மைனாவை ஓட வைக்கும். பிறகு மைனாவின் பெண்டாட்டி குரலில் "சாப்பாடு ஆறுது" என்று கூப்பிட்டு, ஓடின மைனாவைத் திரும்பி வரவும் வைக்கும்.

அந்தக் காட்டில் கபடி என்றால் உயிர். இறுதிப்போட்டியில் ஒரு பக்கம் கரடி மாசிலாமணியின் அணி, மறுபக்கம் ஏழு செந்நாய்கள். பாடிப் போகுமுன் மாசிலாமணி செய்கிற சடங்குகள் காடறிந்தவை. போன வருஷம் ஜெயித்த நாளில் போட்ட பனியனை இன்றுவரை துவைக்கவில்லை. எலுமிச்சையை இடது காலால்தான் நசுக்கும். ஜெயித்தால் மூன்று நாள் கிழக்கே தலைவைத்துத் தூங்கும். தோற்றால் எலுமிச்சை கொடுத்த குரங்கோடு மூன்று மாதம் பேசாது.

இதைப் பார்த்துவிட்டுக் கரிச்சானின் அலகு சும்மா இருக்குமா? அரையிறுதியிலேயே வெள்ளோட்டம் விட்டது. புதருக்குள் ஒளிந்துகொண்டு, கோச் காட்டெருமையின் குரலில், பலாமரத்தை மூன்று சுற்று நொண்டியடிக்கச் சொன்னது. கரடியும் நொண்டியடித்தது. போதாதா? இறுதிப்போட்டிக்கு முதல்நாள் கரிச்சான் நேரே செந்நாய்க் கேப்டனிடம் போய் நின்றது.

"அண்ணே, நாளைக்குக் கரடி களத்துக்கே வராது. நான் பாத்துக்கறேன்."

"வராம பண்ணிட்டா?"

"ஒரு மாசம் நீங்க ஏழு பேரும் தினம் காலைல என் பேரைச் சொல்லி விசிலடிக்கணும்."

"வந்துட்டா, உன் வால்ல தொங்குற ரெண்டையும் புடுங்கி நான் காதுல சொருகிக்குவேன். சம்மதமா?"

கரிச்சான் தன் வாலைத் திரும்பிப் பார்த்தது. அந்தத் துடுப்புகள் போய்விட்டால் அது வெறும் குட்டிக் காக்கா. "சம்மதம்ணே" என்றது.

மறுநாள் காலை எட்டு மணி ஆட்டம். கரடி களத்துக்கு நடந்து வந்தது. புதருக்குள்ளிருந்து கோச்சின் கட்டைக் குரல் கேட்டது.

"தம்பி மாசிலாமணி, நில்லுப்பா. அந்தப் பக்கம் ஒன்பது புத்து இருக்குல்ல, ஒவ்வொண்ணுலயும் மூக்கை வச்சுக் கும்பிட்டுட்டு வாப்பா. ஒரு கரையான்கூட வாய்க்குள்ள போகக் கூடாது."

கரடிக்குக் கரையான் என்பது நமக்குப் பரோட்டா மாதிரி. ஒன்பது பரோட்டாக் கடையில் மூக்கை வைத்துவிட்டு, சாப்பிடாமல் வரவேண்டும். "சரிங்க கோச்" என்று போனது மாசிலாமணி. கரிச்சான் புதருக்குள் உருண்டு உருண்டு சிரித்தது. நீங்கள் சிரிக்க வேண்டிய இடம் இதுவல்ல. பொறுங்கள்.

அடுத்து, பின்பக்கமாகவே ஓடைக்கு நடந்துபோய் ஏழு தடவை வாய் கொப்பளிக்கச் சொன்னது. ஆறாவதில் கரடிக்குக் கணக்கு விட்டுப்போயிற்று, முதலிலிருந்து தொடங்கியது.

"கடைசியா ஒண்ணுப்பா. ஒரு அணிலைப் புடிச்சு முதுகுல கோட்டை எண்ணு. நாலு வந்தாத்தான் களத்துல கால் வைக்கணும்."

அந்தக் காட்டு அணில் எதற்கும் மூன்று கோடுதான். இனி ஆயுசுக்கும் எண்ண வேண்டியதுதான் என்று கரிச்சான் விசில் வாங்கக் களத்துக்குப் பறந்தது.

அங்கே ஏழு செந்நாய்களும் கோட்டுக்குள் வரிசையாக நின்றன. நாக்குகள் முழங்காலைத் தொட்டன. நடுவர் யானை ஆலமர நிழலில் கரும்பு தின்றுகொண்டிருந்தது.

"என்னடா இது," என்றது கேப்டன், குரலே வராமல். "வரலைன்னா எங்களை ஜெயிச்சதா சொல்லணும்ல? எட்டு மணிலேர்ந்து வெயில்ல நிக்கிறோம். கோட்டைத் தாண்டினா அவுட்டுங்குறாரு நடுவர்."

"இன்னும் கொஞ்ச நேரம்ணே..."

அதற்குள் கரடி வந்துவிட்டது. தோளில் ஓர் அணில்.

"நாலு வந்துச்சா?" என்று தன்னையறியாமல் கேட்டுவிட்டது கரிச்சான்.

"மூணுதான் வந்துச்சு. கரித்துண்டால நானே ஒண்ணு போட்டுட்டேன். அணிலுக்கும் புடிச்சுப்போச்சு."

மாசிலாமணி எலுமிச்சையை நசுக்கியது. மண்ணைத் தொட்டுக் கும்பிட்டது. "கபடி கபடி" என்று பாடிக்கொண்டு, மார்க்கெட்டில் கத்திரிக்காய் பொறுக்குவது போல ஏழு பேரையும் ஒவ்வொருவராகத் தொட்டது. பிடிக்க வேண்டிய இரண்டு செந்நாய்கள் அதன் நிழலில் வந்து ஒண்டிக்கொண்டன. விசில் ஊதியாயிற்று.

செந்நாய்க் கேப்டன் கரடியைப் பார்க்கவில்லை. கரிச்சானின் வாலைப் பார்த்தது. கரிச்சான் யானையிடம் பறந்தது.

"ஐயா, இது அநியாயம். எட்டு மணி ஆட்டத்துக்குப் பதினொன்றரைக்கு வந்திருக்கான்."

"முறைப்படிதான் வந்திருக்கார்," என்றது யானை. "ஆட்டத்துக்கு முந்தைய சடங்குகளுக்கான அனுமதிப் படிவம். அரையிறுதி முடிஞ்ச மறுநாளே மூணு நகல் கொடுத்துட்டார். சடங்கு முடியற வரைக்கும் எதிரணி கோட்டுக்குள்ள நிக்கணும். நீயே படிச்சுக்கோ."

கரிச்சான் படித்தது. ஒன்று, பனியன். இரண்டு, எலுமிச்சை. மூன்று, இதர: 'புதருக்குள்ளிருந்து கோச் குரலில் கரிச்சான் என்னென்ன சொல்கிறதோ அவை அனைத்தும்.' ஆகும் நேரம்: 'கரிச்சானுக்கு அலுக்கும் வரை.' கீழே முத்திரை.

"நான்தான்னு எப்படித் தெரியும்? குரல் அச்சு அசல் கோச்சுடையதுதானே?"

"குரல்ல குத்தமே சொல்ல முடியாது," என்றது கரடி. "ஆனா கோச் என்னை என்னிக்குடா தம்பின்னாரு? பதினோரு வருஷமா திட்டாம ஒரு வாக்கியம் பேசினதில்ல. அரையிறுதியில நீ 'வாப்பா'ன்னதுமே தெரிஞ்சுபோச்சு."

கரிச்சானுக்கு அப்போதுதான் உறைத்தது. காலையிலிருந்து ஏழு செந்நாய்களையும் வெயிலில் கட்டிப்போட்டு வேகவைத்தது கரடி அல்ல, தன் அலகுதான். பின்னாலிருந்து யாரோ அதன் வாலை மெதுவாகப் பிடித்தார்கள்.

நீதி: மூடநம்பிக்கை மிகவும் தவறு. மூன்று நகல் எடுத்து முத்திரை வாங்கிவிட்டால் அது பயிற்சி முறை.