மைத்துனனின் ஏழு விநாடி

"நாற்பத்தொன்பது!" என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் ஸ்டாப்வாட்ச்சை அமுக்கினார். பெற்ற பிள்ளை கணக்குப் பரீட்சையில் கோட்டை விட்ட தகப்பனின் வெட்கம் அந்தக் குரலில் இருந்தது.

"எது நாற்பத்தொன்பது?" என்றாள் மனைவி. உதட்டில் நாலு குண்டூசியைக் கவ்வியிருந்ததால் பாதிச் சொல்தான் வெளியே வந்தது.

"உன் கம்ப்யூட்டர் எழுந்து உட்கார எடுத்துக்கிற நேரம். நாற்பத்தொன்பது செகண்ட்!"

"எழுந்துருச்சு இல்ல? அப்ப நகருங்க. நான் உட்காரணும்."

"உன் தம்பியோடது ஏழு."

மனைவி குண்டூசிகளை எடுத்துத் துணியில் குத்தினாள். ஒரு வாரமாக இந்த வீட்டில் விடிவதும் ஏழு, அடைவதும் ஏழு. போன ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குப் போனதிலிருந்து பிடித்த பைத்தியம் இது. பழைய ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கிற ஏதோ புது சிஸ்டத்தைப் போட்டிருக்கிறேன் என்று தம்பி பீற்றிக்கொண்டான். மடிக்கணினியை மேசைமேல் வைத்துத் திறந்தான். ஆய்வாளர் மனசுக்குள் ஏழு எண்ணுவதற்குள் திரை பளிச்சென்று எரிந்தது.

"உங்க வீட்டுது என்ன மாமா, மாசமா இருக்கா? எழுந்திருக்க இவ்வளவு நேரம் எடுத்துக்குதே!" என்று வேறு கேட்டுவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். மனைவியும் சிரித்தாள். அதுதான் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது.

அவர் லேசுப்பட்ட ஆள் அல்ல. எடைக்கருவி ஆய்வாளர். கடைத்தெருவில் அவர் தலை தெரிந்தால் சாய்ந்த தராசும் நிமிர்ந்து நிற்கும். தட்டுக்கு அடியில் ஒட்டிய காந்தத்தையும், படிக்கல்லின் அடிவயிற்றைக் குடைந்து மெழுகு வைத்து அடைத்ததையும் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிப்பவர். அப்பேர்ப்பட்டவர் வீட்டிலேயே நாற்பத்திரண்டு விநாடி பின்தங்கல் என்றால் பொறுக்குமா?

"இங்க பாருங்க," என்றாள் மனைவி, பொறுமையைக் கடன் வாங்கிக்கொண்டு. "மூணு மணிக்குள்ள கட்டிங் யூனிட்டுக்கு இந்தப் பேட்டர்னை மெயில் பண்ணணும். முந்நூத்தி நாற்பது பிள்ளைங்களோட யூனிஃபார்ம். மூணு தாண்டினா ஆர்டரை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்னு அந்த அம்மா கண்டிப்பா சொல்லிட்டாங்க. உங்க ஓட்டப்பந்தயத்தை நாலு மணிக்கு வெச்சுக்கங்க."

"மணி ஒன்பதுதானே ஆகுது? பத்தே நிமிஷம். வேண்டாத சதையைக் கொஞ்சம் குறைச்சு விடறேன். உனக்குத்தான் நல்லது."

பதினோரு வருஷமாக அவள் பிறர் உடுப்புக்குப் பட்டி மடித்து, ஜிப் மாற்றி, இடுப்பு பிடித்துக் கொடுத்தவள். துணி வெட்டும் அளவுப் படத்தைச் சொந்தமாக வரைந்து, ஒன்பது அளவுகளில் பிரித்து, தன் பெயரில் அனுப்பும் முதல் ஆர்டர் இது. அனுப்பும் முன் ஓர் அளவையாவது தாளில் அச்செடுத்து, துணிமேல் போட்டுப் பார்த்துவிட வேண்டும். அது அவள் பழக்கம். "பத்தே நிமிஷம்," என்று விரலைக் காட்டிவிட்டு, துணியை நீவி விரிக்க அடுத்த அறைக்குப் போனாள். வாழ்க்கையில் அவள் செய்த பெரிய தவறுகளில் இதற்கு இரண்டாம் இடம் தரலாம். முதலிடம் யாருக்கு என்பதை அவள் அடிக்கடி அவரிடமே சொல்வதுண்டு.

கணினிக்குள் பின்னணியில் ஓடும் சேவைகளின் பட்டியலைத் திறந்தார் ஆய்வாளர். நூற்றுக்கு மேல் இருந்தன. வேலை நேரத்தில் டீக்கடையில் நிற்கிற சிப்பந்திகளைப் பிடித்துவிட்ட மேலதிகாரிபோல மீசையைத் தடவினார்.

"ஸ்பூலராம்! தையல் மிஷினுக்கு நூல்கண்டு வேணும், சரி. கம்ப்யூட்டருக்கு எதுக்கு நூல்கண்டு? போ வெளியே!"

அடுத்தது ஏதோ கிளையண்ட் என்றிருந்தது. "இந்த வீட்டுக்கு இருக்கிற ஒரே கிளையண்ட் அந்த யூனிட்டுக்கார அம்மாதான். நீ யாரு? போ."

அவர் வகுத்துக்கொண்ட சட்டம் எளிமையானது. தனக்குப் புரியாதது எதுவோ, அது தேவையில்லாதது. அந்தச் சட்டப்படி பார்த்தால் கணினியில் மிஞ்சுவதற்கு அதிகம் இல்லை. முப்பத்தேழு சேவைகளின் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார். அணைத்து, திரும்ப ஏற்றி, ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்தார். முப்பத்தெட்டு.

"பதினோரு செகண்ட் மிச்சம்!" என்று கூவினார்.

"அந்தப் பதினோரு செகண்டை வெச்சு என்ன செய்யப்போறீங்க?" என்று அங்கிருந்து குரல் வந்தது. அதை இதுவரை அவர் யோசித்ததில்லை.

மனைவி வந்து உட்கார்ந்து அச்சிடும் பொத்தானை அழுத்தினாள். பிரிண்டர் கல்லுப் பிள்ளையார்போல இருந்தது. அச்சு வேலையை வரிசையாகப் பிரிண்டருக்கு அனுப்புகிற ஸ்பூலர்தான் முதலிலேயே வெளியே போய்விட்டதே!

"பிரிண்ட் வரலைங்க."

"பிரிண்டர் பழசாயிடுச்சு. அதோட சாஃப்ட்வேரை எடுத்துட்டுப் புதுசா போட்டா சரியாயிடும்."

"நேத்துகூட வந்துச்சே."

"நேத்து நல்லா இருந்தவங்க எத்தனையோ பேரு இன்னிக்குப் படுத்துடலையா? நீ போய் துணியைப் பாரு."

பிரிண்டரின் சாஃப்ட்வேரை அடியோடு நீக்கினார். புதியதை இணையத்திலிருந்து இறக்கப் போனால், இணையமே இல்லை. துரத்தி விடப்பட்ட அந்த கிளையண்ட்தான் இந்த வீட்டுக்கு இணையத்தைக் கைப்பிடித்து அழைத்து வந்துகொண்டிருந்தது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? சரி, நீக்கியவற்றைத் திரும்பச் சேர்த்துவிடலாம் என்றால், முப்பத்தேழில் எவை எவை என்று ஒரு துண்டுச் சீட்டில்கூடக் குறித்து வைக்கவில்லை. பதிவேடு எழுதாத கடைக்காரனை நிற்கவைத்து ஒரு மணி நேரம் உபதேசம் செய்கிறவர் இவர்தான்.

நினைவில் இருந்த நாலைந்தைச் சேர்த்துப் பார்த்தார். கணினி திரையில் ஒரு பிழைச் செய்தியைக் காட்டியது. அதை மூடினார். இரண்டு வந்தன. இரண்டையும் மூடினார். பிறகு செய்தி வரவில்லை. எதுவுமே வரவில்லை.

மணி பதினொன்றரை. மானத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மைத்துனனுக்குப் போன் போட்டார். அவன் ரயிலில் ஏதோ வேலையாகப் போய்க்கொண்டிருந்தான்.

"மாப்ளே, சும்மாதான் கூப்பிட்டேன். உன் சிஸ்டத்துல பின்னாடி என்னென்ன ஓடுது?"

"ஒண்ணும் ஓடாது மாமா. அதனாலதான் அது பறக்குது. ஏன், அக்கா கம்ப்யூட்டர்ல கை வெச்சுட்டீங்களா?"

"சேச்சே! ஒரு ஆராய்ச்சிக்குக் கேட்டேன்."

"ஆராய்ச்சியா? ஒட்டுப்போட்ட சட்டையை எத்தனை தடவை மாமா தோய்ப்பீங்க? பழைய சிஸ்டத்தைத் துடைச்சுப் போட்டுட்டு என்னோடதைப் போடுங்க. அரை மணி நேர வேலை. ஒரு பென் டிரைவ் இருந்தா போதும்."

"ஏழு வருமா?"

"உங்க கையில எட்டு வரும்," என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

அந்தச் சிரிப்புக்குப் பிறகு எந்த ஆண்பிள்ளை நிற்பான்? மனைவியின் பொத்தான் டப்பாவில் ஒரு சிவப்பு பென் டிரைவ் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு தெருக்கோடி பிரவுசிங் சென்டருக்கு ஓடினார்.

கடைக்காரர் பென் டிரைவைச் செருகிப் பார்த்தார். "இதுல ஒன்பது ஃபைல் இருக்கு சார். சிஸ்டத்தை ஏத்தினா எல்லாம் போயிடும். பரவாயில்லையா?"

"வேண்டாததைக் கட்டி அழுதா வேகம் எங்கேயிருந்து வரும்? அழிங்க."

"என்னன்னு ஒரு தடவை பார்த்துட்டு..."

"நீங்க கடைக்காரரா, என் சம்சாரமா? அழிங்கன்னா அழிங்க."

வீட்டுக்கு வந்தார். புது சிஸ்டம் மரியாதை தெரிந்தது. வட்டில் உள்ள அனைத்தையும் அழிக்கட்டுமா என்று ஒரு தடவை கேட்டது. நிச்சயமாகவா என்று இன்னொரு தடவையும் கேட்டது. இரண்டு தடவையும் ஆய்வாளர் முத்திரை குத்துகிற வேகத்தில் 'ஆம்' என்று அமுக்கினார்.

ஒன்றரை மணிக்கு வீடு அதிரக் கூப்பிட்டார். "ஓடி வா! பதினொண்ணு! பதினோரே செகண்ட்!"

மனைவி கையில் கத்தரிக்கோலோடு வந்தாள். திரையில் ஒரு மலை, ஒரு ஏரி, மூலையில் கடிகாரம். அவ்வளவுதான். கல்யாணம் முடிந்து பந்தல் பிரித்த வாசல்போலத் துடைத்துவிட்டாற்போல் இருந்தது.

"என் பேட்டர்ன் எங்க?"

"வேகத்தைப் பாரு முதல்ல."

"பேட்டர்ன் எங்கங்க?"

"அது... பழைய சிஸ்டத்தோட போயிருக்கும்."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "போகட்டும். நான் முட்டாள் இல்லை. ஒரு காப்பி எடுத்து வெச்சிருக்கேன். பொத்தான் டப்பாவுல சிவப்பு பென் டிரைவ் இருக்கும், எடுங்க."

ஆய்வாளர் மலையைப் பார்த்தார். ஏரியைப் பார்த்தார். அதில் விழுந்துவிட வழி இருக்கிறதா என்று பார்த்தார்.

"சிவப்பா?" என்றார்.

அவள் கத்தவில்லை. கத்தரிக்கோலை மேசையில் மெதுவாக, மிக மெதுவாக வைத்தாள். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அந்த மெதுவுக்குத்தான் அவர் எப்போதும் பயந்திருக்கிறார்.

"ஒன்பது அளவு," என்றாள். "நாலு மாசம். நீங்க ஆபீஸ் போனதுக்கு அப்புறமும், தூங்கினதுக்கு அப்புறமும் போட்டது. என் வேலையில எது வேணும், எது வேண்டாம்னு என்னைக் கேட்கணும்னு உங்களுக்குத் தோணவே இல்லை இல்ல?"

"நான் உன் நல்லதுக்குத்தான்..."

"என் நல்லதை நாற்பத்தொன்பது செகண்ட் நான் காத்திருந்து பார்த்துக்குவேன். உங்களுக்குத்தான் பொறுக்கலை."

கண் நிரம்பிக்கொண்டு வந்த நேரத்தில் அவளுக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. போன ஞாயிற்றுக்கிழமை தம்பி மனைவிக்குக் காட்டுவதற்காக அந்த ஒன்பது பேட்டர்னையும் தம்பியின் கணினியில் ஏற்றினாளே! அவன் எதையும் அழிக்கிற ஆள் இல்லை.

"செருப்பைப் போடுங்க," என்றாள்.

ஆட்டோ பிடித்துப் போனார்கள். தம்பி வீட்டுக் கதவைத் தட்டியபோது மணி இரண்டே கால். தம்பி மனைவி ஈரக்கையோடு வந்து திறந்தாள்.

"வாங்க அண்ணி, வாங்க அண்ணா. என்ன, ரெண்டு பேரு முகமும் இப்படி இருக்கு?"

"அப்புறம் சொல்றேன். தம்பி கம்ப்யூட்டரைக் கொஞ்சம் கொடு."

மேசைமேல் இருந்த மடிக்கணினியைத் தம்பி மனைவி திறந்தாள். திரை உடனே விழித்தது. ஞாயிற்றுக்கிழமை போட்ட இடத்திலேயே ஒன்பது அளவும் வரிசையாக நின்றன. மனைவிக்கு மூச்சு வந்தது. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தே விட்டாள்.

"அந்த அம்மாவோட மெயில் விலாசம் நம்ம கம்ப்யூட்டர்ல இருந்துச்சு, அதுவும் போச்சு. போன்ல கேட்டுக்கிட்டு வரேன்," என்றவள், சிக்னலுக்காக பால்கனிப் பக்கம் நடந்தாள். நாலடி போய்த் திரும்பினாள். "எதையும் தொடாதீங்க."

"நான் எதுக்குத் தொடறேன்?" என்று ஆய்வாளர் இரு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். தம்பி மனைவி தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள்.

அறையில் அவரும் அந்தக் கணினியும்தான்.

போன வாரம் அவர் எண்ணிய ஏழு, மனக்கணக்கு. முத்திரை இல்லாத அளவு செல்லாது. இன்றைக்கு ஸ்டாப்வாட்ச் சட்டைப்பையில் இருக்கிறது. ஒருமுறை முறையாக அணைத்து ஏற்றினால் ஏழே விநாடி. மனைவி பால்கனியிலிருந்து திரும்புவதற்குள் முடிந்துவிடும்; அந்தப் பேட்டர்ன்களும் வட்டில் இருந்த இடத்திலேயே இருக்கும். மைத்துனனின் எடைக்கல்லில் ஒரு குந்துமணி குறைந்தால்கூடப் போதும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிரிப்பது யார் என்று பார்த்துவிடலாம்.

முதுகுக்குப் பின்னால் கட்டிய கைகள் தாமாக அவிழ்ந்தன. கணினியை அணைத்தார். விளக்கு அவிந்ததும் பொத்தானை அமுக்கி, ஸ்டாப்வாட்ச்சையும் அமுக்கினார்.

ஏழு. திரை கறுப்பு. ஆய்வாளரின் முகத்தில் ஒரு வாரத்துக்குப் பிறகு புன்னகை அரும்பியது.

பதினொன்று. "பொய்யன்!" என்று முணுமுணுத்தார், சந்தோஷமாக.

நாற்பத்தொன்பது. இப்போது புன்னகை கொஞ்சம் சுருங்கியது. பொத்தானை இன்னொரு தரம் அமுக்கினார். அழுத்திப் பிடித்தார். மூடித் திறந்தார். பால்கனியில் மனைவியின் குரல் உற்சாகமாகக் கேட்டது. "இதோ மேடம், ஃபைல் கண்ணு முன்னாடியே இருக்கு. அஞ்சே நிமிஷத்துல அனுப்பிடறேன்."

தண்ணீர்ச் செம்போடு வந்த தம்பி மனைவி கறுத்த திரையைப் பார்த்தாள். அவர் கையில் ஓடிக்கொண்டிருந்த ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்தாள்.

"ஐயையோ, ஆஃப் பண்ணிட்டீங்களா அண்ணா? ஆஃப் பண்ணினா திரும்ப எழுந்திருக்கவே மாட்டேங்குதுன்னுதானே, புது சிஸ்டம் போட்ட நாள்லேருந்து அவரு அதை அணைக்காம வெறுமனே மூடி மூடித் திறந்துக்கிட்டிருக்காரு!"