யதுசாவை நாங்கள் கௌரவித்த விதம்

கொக்கிளாய்

பாரிசில் வசிக்கும் என் அன்புக்குரிய யூலிற்றா அக்காவுக்கு,

மாதாவின் காவலில் நாங்கள் எல்லாரும் நலம். உங்கள் முழங்கால் நோவும் அத்தானின் இருமலும் குறைய வேண்டும் என்று ஒவ்வொரு செபத்திலும் கேட்கிறோம். ரெலிபோனில் கதைத்தால் யதுசாவின் காதில் விழும் என்பதால் கடிதம் எழுதுகிறேன்.

அக்கா, என் மகளும் உங்கள் ஞானப்பிள்ளையுமான யதுசா வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறாள். அதோடு நின்றிருந்தால் எனக்கு ஏன் இரத்த அழுத்தம் ஏறப்போகிறது? அப்பு காலத்திலிருந்து நாங்கள் கரைவலை இழுத்த கரையை, சண்டை முடிந்து நாங்கள் மீளக் குடியேறி வந்தபோது வேறு ஆட்கள் பிடித்து வைத்திருந்தார்களே, அதைப் பற்றி ஆராய்ச்சி செய்யத் தொடங்கினாள். ஆராய்ச்சிதானே, எழுதி அலுமாரியில் வைப்பாள் என்று நானும் பேசாமல் இருந்தேன். அவளோ எழுதியதைத் தூக்கிக்கொண்டு மனித உரிமை முறைப்பாடு என்று கொழும்புக்குப் போனாள், பிறகு பெண்களோடு றோட்டில் பதாகை பிடித்தாள், பிறகு பத்திரிகையில் படம் வந்தது, பிறகு எங்கள் வாசலில் தெரியாத மோட்டார் சைக்கிள்கள் நிற்கத் தொடங்கின.

இந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் கடற்றொழிலாளர் சங்கம் அவளைக் கௌரவிக்கத் தீர்மானித்தது. "படிப்பையும் போராட்டத்தையும் ஒண்டாச் சேர்த்த பிள்ளை. விழா எடுக்காட்டி ஊருக்கு மரியாதையில்லை" என்று சங்கக் கூட்டத்தில் மீனம்மா எழும்பிச் சொல்ல, எல்லாரும் கை தட்டினார்கள். சங்கத் தலைவர் நான். காலையில் "சட்டி கழுவாமல் எங்கையடி போறாய்?" என்று தாய் ஏசிய பிள்ளையை, மாலையில் நான் "மதிப்புக்குரிய கலாநிதி அவர்களே" என்று மேடைக்கு அழைக்க வேண்டும்.

செயலாளர் றொமேஸ் பனர் அடிக்கக் கொடுத்திருந்தான். விழாவன்று கட்டுவதற்காக விரித்தால், கொட்டை எழுத்தில் "மனித எருமை ஆய்வாளருக்குப் பாராட்டு விழா" என்று இருக்கிறது.

"என்னடாப்பா இது?"

"உரிமை எண்டுதான் ரெலிபோனிலை சொன்னனான் அண்ணை. காத்து இரைச்சல்."

மாற்ற நேரமில்லை. கட்டி முடிக்கவும் சிவில் உடுப்பில் இரண்டு பேர் வந்து இறங்கவும் சரியாக இருந்தது. புலனாய்வில் எந்தப் பிரிவு என்று அவர்கள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. "இஞ்சை மனித உரிமைக் கூட்டமோ?" என்று மூத்தவர் கேட்டார். றொமேஸ் பனரைக் காட்டி, "இது கால்நடை விசயம், சேர்" என்றான்.

"எருமையிலை என்ன ஆராய்ச்சி?"

"பால் கூட்டுறது, சேர்."

"அப்ப ஏன் மனித எண்டு போட்டிருக்கு?"

"மனிதர் வளர்க்கிற எருமை, சேர். காட்டெருமை வேறை."

அவர் அதைக் கவனமாக எழுதிக்கொண்டார். இருவரும் முன்வரிசைக் கதிரைகளில் அமர்ந்து றோல்சும் சோடாவும் எடுத்தார்கள்.

பிறகு நான் யதுசாவுக்குப் பொன்னாடை போர்த்தப் போனேன். காற்று அடித்து, பொன்னாடை பறந்துபோய் மூத்தவரின் தோளில் விழுந்தது. சனம் கை தட்ட, அந்த மனிசன் எழும்பிக் கும்பிட்டார். அவ்வளவோடு விழாவை முடித்திருக்கலாம். யதுசா மைக்கைப் பிடித்தாள்.

"ஐயாமார், நான் எருமை ஆராய்ச்சி செய்யேல்லை. இந்தக் கரை ஆருக்குரியது எண்டு ஆராய்ந்தனான். உண்மை தெரிஞ்ச பிறகு சும்மா இருக்க மனம் வரேல்லை. என்ரை பேர் யதுசா அல்பேர்ட். எழுதுங்கோ, மெதுவாச் சொல்லுறன்."

மீனம்மா எழும்பிப் போய் அவளுக்குப் பக்கத்தில் நின்றாள். "எத்தினை பேர் ஆராய்ச்சி எண்டு வந்து எங்களைக் கேள்வி கேட்டவை. இறால் குழம்பும் சாப்பிட்டிட்டுப் போட்டினம். இந்தப் பிள்ளைதான் கேட்டதுக்குப் பிறகும் வந்தது. கொழும்பு விசாரணையிலை நான் வாய் திறக்கப் பயந்து நிக்க, என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது" என்றாள். மூத்தவர் பொன்னாடையை மடித்து யதுசாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். மற்றவர் எதையாவது எழுதினாரா என்று பார்க்க எனக்குத் துணிவில்லை. நான் அழுததைக் கண்டவர்களுக்குக் கண்ணில் மணல் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் தம்பி ரூபனையும் சண்டைக் காலத்தில் இப்படி வந்தவர்கள் கேள்வி கேட்கத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். இன்னும் அவன் வரவில்லை. இன்னொருவருக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது, அக்கா. நீங்கள் சொன்னால் அவள் கேட்பாள். எப்படியாவது அவளை அங்கே கூப்பிட்டுவிடுங்கள். ஆராய்ச்சியை அங்கிருந்து செய்யட்டும், போராட்டத்தை விடட்டும்.

அத்தானுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். ஆண்டவர் உங்கள் வீட்டைக் குளிரிலிருந்து காப்பாராக.

உங்கள் தம்பி,
அல்பேர்ட்

பி.கு.: கடிதத்தை ஒட்ட முதல் ஒரு செய்தி வந்துவிட்டது. கொழும்பு மனித உரிமை விசாரணைக்காரர் கரையை நேரில் பார்க்க வருகிறார்களாம். அன்று யதுசாவுக்குப் பரீட்சை மேற்பார்வை. ஊருக்காக யார் பேசுவது என்று கேட்டபோது எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்கள். எப்படி என்று தெரியாது, என்னுடைய கை மேலே போய்விட்டது. ஆகையால் மேலே எழுதிய ஒன்றையும் கணக்கில் எடுக்க வேண்டாம். அவள் இங்கேதான் நிற்க வேண்டும். என்ன பேசுவது என்று அவள்தான் எனக்குச் சொல்லித்தருகிறாள். இதற்குள் இரண்டு தரம் பிழைவிட்டு அவளிடம் பேச்சும் வாங்கிவிட்டேன்.