மூன்று கற்களும் ஒரு கையெழுத்தும்

எனக்கு மூன்று கற்களைக் கூடப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளத் தெரியாது. இதை ஒரு பெரிய கட்டுமானக் கம்பெனி, என்னை வேலைக்கு எடுத்து ஐந்தே மாதத்தில் கண்டுபிடித்தது.

கொல்லிமலையில், குண்டூர் நாடு என்ற மலைக்கிராமப் பகுதிக்குப் போகும் ரோட்டுக்குத் தடுப்புச் சுவர் கட்டினோம். சுவருக்குப் போடும் கான்கிரீட்டிலேயே கொஞ்சம் எடுத்துச் சாண் அளவுக் கட்டிகளாக வார்த்து, தொட்டித் தண்ணீரில் ஊற வைத்து, இருபத்தெட்டாம் நாள் இயந்திரத்தில் வைத்து நொறுக்க வேண்டும். கட்டி தாங்கினால் சுவர் தேறும். இல்லையென்றால் இடிக்கக்கூடச் சொல்வார்கள். அப்படி வார்த்த மூன்று கட்டிகளும் என் பொறுப்பு. ஆணியால் நம்பர் கீறியதும் நான்தான். (அழகான கையெழுத்து என்று பள்ளியில் பரிசு வாங்கியவள்.)

கம்பெனியில் வேலையைவிட வேலையைப் பற்றிய ரிப்போர்ட்தான் அதிகம். தினமும் சாயங்காலம் 'கட்டிகள் பத்திரம்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். தொட்டியை எட்டிப் பார்ப்பதை எப்போது நிறுத்தினேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை.

இருபத்தெட்டாம் நாள். கொண்டை ஊசி வளைவுகளில் தலைசுற்றியபடி அரசு இன்ஜினியர் மேலே வந்து சேர்ந்தார். நான் ஓடிப்போய்த் தொட்டி மூடியைத் திறந்தேன். உள்ளே தண்ணீர் இருந்தது. ஒரு தவளை இருந்தது. கட்டிகள் இல்லை.

சிமெண்ட் கொட்டகை, லாரிக்கு அடியில், என் கைப்பை வரை தேடினேன். (ஒவ்வொன்றும் எட்டுக் கிலோ. கைப்பையில்!) சுவரை இடிக்கச் சொன்னால் என்ன செய்வது, அப்பாவிடம் எந்த முகத்தோடு சொல்வது என்று கண்ணீர் முட்டியது.

"சார் முதல்ல சாப்பிடட்டும்" என்று மேனேஜர் எனக்குக் கொஞ்சம் நேரம் வாங்கிக் கொடுத்தார். எங்களுக்குச் சமைக்கும் செல்லாயியம்மா ஆவி பறக்கக் குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, எடுத்து வைத்தார். இன்ஜினியர் வாயில் வைக்கப்போனவர், அடுப்பையே உற்றுப் பார்த்தார்.

"ஏம்மா, அடுப்புல நம்பர் போட்டிருக்கு?"

என் கையெழுத்து. கரி படிந்தும் அழகாகத்தான் இருந்தது.

"இந்தக் கண்ணுதானுங்க எடுத்துக்கச் சொல்லுச்சு" என்று என்னைக் காட்டினார் செல்லாயியம்மா. "நல்ல கல்லுங்க. பத்து நாளா எம்புட்டுப் பெரிய சட்டி வெச்சாலும் ஆடலீங்க."

அப்போதுதான் உறைத்தது. பத்து நாளைக்கு முன் தொட்டியைக் கழுவ நான்தான் கட்டிகளை வெளியே வைத்தேன். அந்த நேரம் பார்த்துத் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. செல்லாயியம்மா பக்கத்தில் வந்து ஏதோ கேட்டார். போனைக் காதில் வைத்துக்கொண்டே தலையாட்டினேன்.

மேனேஜர் திட்டவில்லை. என் ரிப்போர்ட்டை மட்டும் புரட்டினார். "பத்து நாளாப் பத்திரம்னு எழுதியிருக்கீங்களே, எதைப் பாத்தும்மா எழுதினீங்க?"



வெந்த கல்லைச் சோதித்துப் பயனில்லை என்று சுவரிலேயே துளைபோட்டு ஒரு துண்டை எடுத்துச் சோதனைக்குக் கொண்டு போனார்கள். முடிவு வரும்வரை ஒரு வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை. சுவர் தேறிவிட்டது. நான்தான் தேறவில்லை; என் வேலையை நிரந்தரமாக்குவதை ஆறு மாதம் தள்ளிவைத்தார்கள்.

வீட்டில் இப்போது எது காணாமல் போனாலும், வண்டிச் சாவியோ மகளின் ஜாமெட்ரி பாக்ஸோ, என் கணவர் நிதானமாகக் கேட்பார்: "அடுப்புக்கு அடியில பாத்தியா?"

எரிச்சலாக வரும். ஆனாலும் போய், குனிந்து, பார்த்துவிட்டுத்தான் 'இல்லை' என்பேன்.